முதலில் கணக்கு, பிறகு இயந்திரம்

“எங்கள் களஞ்சியத்தையும் ஏன் கணினிமயப்படுத்தக் கூடாது?” என்ற கேள்வி இன்று கிராமியச் சங்கக் கூட்டங்களில் எழத் தொடங்கியிருக்கிறது. நியாயமான கேள்விதான். லொறி வந்து வாசலில் நிற்கும்போது, சாமான் எந்த மூலையில் கிடக்கிறது என்று தேடும் களஞ்சியங்கள் எம்மிடையே உண்டு. ஒரு கிளையில் பசளை கட்டிபட்டுக் கிடக்க, அடுத்த கிளையில் அதே பசளையை வாங்கவந்த கமக்காரர் வெறுங்கையோடு திரும்பிப் போவதும் உண்டு. புலம்பெயர்ந்த நாடுகளில் பெரும் களஞ்சியங்களில் வேலை செய்யும் எமது பிள்ளைகள், அங்கே ரோபோக்கள் இறாக்கைகளைச் சுமந்துகொண்டு ஓடுவதைப் படம்பிடித்து அனுப்புகிறார்கள். அதைப் பார்த்த பின் எமது துருப்பிடித்த தராசும் கிழிந்த இருப்புப் பதிவேடும் வெட்கத்தைத் தருவது இயல்பே.

ஆயினும், முதற் கேள்வியைத் தொடர்ந்து உடனே வருகின்ற இரண்டாவது கேள்வியிலேதான் ஆபத்து இருக்கிறது. “என்ன இயந்திரம் வாங்கலாம்? யார் பணம் தருவார்கள்?” என்று கேட்கத் தொடங்கிவிடுகிறோம். கடன்பட்டோ உதவி பெற்றோ வாங்கிய இயந்திரம் இரண்டு வருடத்தில் தூசி படிந்து கிடந்தால், அந்த நட்டம் அங்கத்தவர்களின் தலையிலேயே விழும். அந்த அங்கத்தவர்களோ சிறு கமக்காரரும் கடற்றொழிலாளரும். எனவே, இயந்திரத்தைப் பற்றிப் பேசுமுன் எதைப் பற்றிப் பேச வேண்டும் என்பதை இக்கட்டுரையில் நோக்குவோம்.

களஞ்சியத்தில் நடப்பது என்ன?

களஞ்சியம் சிறிதோ பெரிதோ, அங்கு நடக்கும் வேலை நான்குதான். வந்த பொருளை எண்ணிப் பொறுப்பேற்பது ஒன்று. அதை உரிய இடத்தில் வைப்பது இரண்டு. கேட்டபோது எடுத்துக் கொடுப்பது மூன்று. சரிபார்த்து அனுப்புவது நான்கு. இவற்றுள் அதிக உழைப்பை உறிஞ்சுவது மூன்றாவது வேலை. அந்த வேலையிலும் கையால் எடுக்கும் நேரத்தைவிட நடக்கும் நேரமும் தேடும் நேரமுமே அதிகம். ஒரு பொருளை எடுத்துக் கொடுக்கும் நேரத்தில் ஏறக்குறைய பாதி நடையிலேயே கழிகிறது என்பது களஞ்சிய அமைப்பை ஆராய்வோர் பொதுவாகச் சொல்லும் கணக்கு.

தன்னியக்கக் களஞ்சியம் என்று சொல்லப்படுவதெல்லாம் இந்த நடையையும், தேடுதலையும், எண்ணுவதில் வரும் பிழையையும் குறைப்பதற்காகவே எழுந்தது. அதில் மூன்று படிகள் இருக்கின்றன.

முதற்படி தகவல். எந்தப் பொருள், எவ்வளவு, எங்கே, எப்போது காலாவதியாகிறது என்பதை ஒரே இடத்தில் அறிந்துகொள்ளல். பொருள்களின் உறையில் நாம் இன்று காணும் கறுப்புக் கோடுகளான பார்கோட் இதற்கான கருவியே. 1974 யூன் 26ஆம் திகதி அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்துக் கடையொன்றில், ஒரு சூயிங்கம் பொதியின் மேலிருந்த கோடுகளை இயந்திரம் வாசித்தபோது அதன் வணிகப் பயன்பாடு தொடங்கியது.

இரண்டாம் படி நகர்வு. பட்டி ஓடிப் பொருளை நகர்த்துவதும், தண்டவாளத்தில் ஓடும் பாரந்தூக்கி உயரமான இறாக்கைகளில் தானாகவே வைத்து எடுப்பதும் இதில் அடங்கும். 1960களில் ஜெர்மனியில் இத்தகைய உயர்ந்த களஞ்சியங்கள் எழத் தொடங்கின.

மூன்றாம் படி ரோபோ. 2012இல் அமேசன் நிறுவனம் கீவா என்னும் ரோபோ நிறுவனத்தை 775 மில்லியன் டொலருக்கு வாங்கியது. ஆள் இறாக்கையைத் தேடி நடப்பதற்குப் பதிலாக இறாக்கை ஆளைத் தேடி வரும் முறையே கீவாவின் சிறப்பு. தனது களஞ்சியங்களில் ஈடுபடுத்திய ரோபோக்களின் தொகை பத்து இலட்சத்தை எட்டிவிட்டதாக 2025இல் அமேசன் அறிவித்தது.

தன்னியக்கம் என்றவுடன் எமது கண்முன் வருவது இந்த மூன்றாம் படிதான். ஆனால் மூன்றாம் படி முதற்படியின் மேலேயே நிற்கிறது. இருப்புக் கணக்கு பிழையாக இருந்தால், ரோபோவானது பிழையான பொருளைப் பிழையான இடத்துக்கு விரைவாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அவ்வளவுதான். அப்படியானால் முதற்படியை மட்டும் ஒழுங்காகக் கட்டினால் எவ்வளவு தூரம் போகலாம்? இதற்கான நல்ல விடை பாக்குநீரிணைக்கு அப்பால், எமக்கு மிக அருகிலேயே இருக்கிறது.

தமிழ்நாட்டின் மருந்துக் களஞ்சியங்கள்

தமிழ்நாட்டு அரச மருத்துவமனைகளில் 1990களின் தொடக்கம்வரை மருந்து கொள்வனவு பல கைகளில் சிதறிக் கிடந்தது. ஒரு மருத்துவமனையில் மருந்து இல்லை என்று நோயாளியை வெளிக்கடைக்கு அனுப்புவார்கள். வேறொரு மருத்துவமனையில் அதே மருந்து தேவைக்கு மேல் தேங்கிக் காலாவதியாகும். வெளிக்கடையில் வாங்க வசதியில்லாத ஏழை நோயாளியே இதில் அதிகம் துன்பப்பட்டவர். இந்நிலையை மாற்றவென 1994 யூலையில் தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் என்ற அரச நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. 1995 தொடக்கத்தில் அது மருந்து விநியோகத்தை ஆரம்பித்தது. இந்திய ஆட்சிப் பணி அதிகாரியான ஆர். பூரணலிங்கம் அதன் உருவாக்கத்தில் முதன்மையானவர்.

அவர்கள் செய்தவற்றை வரிசையாக நோக்கினால், அந்த வரிசையே ஒரு பாடம் என்பது விளங்கும்.

முதலில் பட்டியலைச் சுருக்கினார்கள். எண்ணற்ற வணிகப் பெயர்களை விட்டு, அத்தியாவசிய மருந்துகளை அவற்றின் பொதுப் பெயரில் பட்டியலிட்டார்கள். வகைகள் குறையும்போது களஞ்சியத்தில் இடமும் குழப்பமும் குறைகின்றன. ஒவ்வொரு வகையும் பெருந்தொகையாக வாங்கப்படுவதால் விலையும் இறங்குகிறது. இந்த எண்ணம் இலங்கையருக்குப் புதிதன்று. 1971இல் எமது நாட்டில் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தைத் தொடக்கி அதன் முதல் தலைவராயிருந்த பேராசிரியர் சேனக்க பிபிலே உலகுக்குக் காட்டிய வழி இதுவே.

அடுத்து, மாவட்டங்கள்தோறும் களஞ்சியங்களை அமைத்தார்கள். விலையைச் சென்னையில் ஒரே கேள்வி மனுவில் தீர்மானித்தார்கள். ஆனால் பொருளைச் சென்னையில் குவிக்கவில்லை. மருந்துக் கம்பனி நேரடியாக மாவட்டக் களஞ்சியத்துக்கே கொண்டுவந்து இறக்க வேண்டும். இதனால் ஒரே பொருளை இரண்டு தடவை ஏற்றி இறக்கும் செலவு இல்லாமற் போனது.

மூன்றாவதாக, வந்த மருந்தை உடனே கொடுக்காமல் தனியிடத்தில் வைத்தார்கள். ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, கம்பனியின் பெயரை மறைத்து, இரகசிய இலக்கமிட்டு, ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்கள். தேறிய பின்பே அது கொடுக்கும் பக்கத்துக்கு மாறும். யாருடைய மருந்து என்பது ஆய்வு செய்பவருக்குத் தெரியாது. ஊழல் நுழையும் வாசலொன்று இவ்வாறு அடைக்கப்பட்டது.

நான்காவதாக, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிப் புத்தகம்போல ஒரு கைப்புத்தகம் கொடுத்தார்கள். அந்த வருடம் எத்தனை ரூபாய்க்கு மருந்து பெறலாம் என்பது அதில் இருக்கும். மருத்துவமனை தனக்குத் தேவையானதைத் தானே தெரிந்து, குறித்த நாளில் களஞ்சியத்தில் பெற்றுக்கொள்ளும். பெற்றதன் பெறுமதி புத்தகத்தில் கழிக்கப்படும். மேலிடம் நினைத்ததைக் கீழே தள்ளிவிடும் பழைய முறை மாறி, நோயாளிக்கு அருகில் இருப்பவர் கேட்பதே மேலே செல்லும் முறை வந்தது.

ஐந்தாவதாகத்தான் கணினி. இணையம் பரவியிராத அந்தக் காலத்திலேயே மாவட்டக் களஞ்சியங்களின் வரவு செலவைக் கணினியில் ஏற்றிச் சென்னைக்குத் தெரியப்படுத்தினார்கள். ஒரு மாவட்டத்தில் மருந்து குறைகிறது, இன்னொன்றில் மிகுதியாய் இருக்கிறது என்பதைத் தலைமையகம் பார்த்து, ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றியது. காலாவதித் திகதி கிட்டியதை முந்தி அனுப்பியது. இருப்பு ஓரளவுக்குக் கீழே இறங்கும்போது புதிய கட்டளை கொடுத்தது.

இவ்வளவும் ரோபோ இன்றியே நடந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். பெட்டிகளை ஆட்கள்தான் தூக்கினார்கள். இறாக்கைகள் சாதாரண இறாக்கைகளே. பின்னர் கேரளம் 2007இலும் இராஜஸ்தான் 2011இலும் இதே வழியில் தமது மருத்துவ சேவைக் கழகங்களை அமைத்துக்கொண்டன. தமிழ்நாட்டில் கணினி வேலை செய்தது உண்மை. ஆனால் பட்டியல், இடம், பரிசோதனை, கைப்புத்தகம் ஆகிய நான்கும் ஒழுங்காக அமைந்திருந்தபடியாலேயே அது வேலை செய்தது.

எமக்குத் தெரியாத முறையன்று

கைப்புத்தகம் என்றதும் எமது மூத்தவர்களுக்கு ஒரு நினைவு வராமல் இராது. 1990இல் போர் மீண்டும் மூண்டு குடாநாட்டின் தரைப்பாதை அடைபட்ட பின்னர், அரிசியும் மாவும் சீனியும் கப்பலில் வந்தன. கச்சேரி கணக்கிட்டுப் பகிர, பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களின் கிளைகள் குடும்ப அட்டைக்குக் கொடுத்தன. 2006 ஓகஸ்ட்டில் ஏ9 வீதி மறுபடியும் மூடப்பட்டபோதும் இதே ஏற்பாடே மக்களுக்குக் கைகொடுத்தது.

அந்த நாட்களை நாம் அலங்கரித்துப் பேச வேண்டியதில்லை. வரிசைகள் நீண்டவை, கிடைத்தது போதாது, முறைப்பாடுகளும் இருந்தன. எனினும் களஞ்சிய நிர்வாகத்தின் கண்கொண்டு பார்த்தால் அங்கே ஒரு சாதனை இருக்கிறது. எத்தனை அட்டை, எத்தனை பேர், ஒருவருக்கு எவ்வளவு என்பது ஒவ்வொரு கிளைக்கும் தெரிந்திருந்தது. கொடுத்தது அட்டையிலும் பதிவேட்டிலும் குறிக்கப்பட்டது. அக்காலத்தில் கணினி இருக்கவில்லை. பல வருடங்கள் மின்சாரமே இருக்கவில்லை. தேவை எவ்வளவு என்ற தகவல் மட்டும் சரியாக இருந்தது. அந்தத் தகவலே பொருளுக்கு வழிகாட்டியது.

பாதை திறந்து கடைகள் நிறைந்த பின், நாம் இந்தப் பழக்கத்தை மெல்லக் கைவிட்டுவிட்டோமோ என்று எண்ணத் தோன்றுகிறது. பஞ்சகாலத்தில் ஒரு கிலோ சீனிக்கும் கணக்கு வைத்திருந்த களஞ்சியங்களில், இன்று ஆண்டு முடிவில் மட்டுமே சாமான் எண்ணப்படுமானால், கணினி வாங்கியும் பயன் இராது.

டென்வர் விமான நிலையம் தரும் பாடம்

பணமும் அறிவும் நிறைந்த இடத்தில்கூட வரிசை மாறினால் என்னவாகும் என்பதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அமெரிக்காவின் டென்வர் நகரில் புதிய விமான நிலையம் கட்டினார்கள். பயணிகளின் பெட்டிகளைத் தண்டவாளத்தில் ஓடும் சிறு வண்டிகள் கணினியின் கட்டளைப்படி தாமாகவே கொண்டுசெல்லும் என்று திட்டமிட்டார்கள். தன்னியக்கக் களஞ்சியத்தின் தத்துவமும் இதன் தத்துவமும் ஒன்றே.

நிலையம் 1993 அக்டோபரில் திறக்கப்பட இருந்தது. 1994இல் பத்திரிகையாளருக்கு முன் வண்டிகளை ஓட்டிக் காட்டியபோது பெட்டிகள் தூக்கியெறியப்பட்டுக் கிழிந்தன. உள்ளிருந்த துணிமணிகள் சிதறின. ஈற்றில் 16 மாதம் பிந்தி, 1995 பெப்ரவரி 28ஆம் திகதியே நிலையம் திறந்தது. அப்போதும் தன்னியக்க முறை ஒரு பகுதிக்கு மட்டுமே பயன்பட்டது. ஏனைய பகுதிகளுக்கு அவசர அவசரமாகப் பழைய பட்டிகளும் இழுவை வண்டிகளும் போடப்பட்டன. 2005இல் அந்தத் தன்னியக்க முறை முழுவதுமாகக் கைவிடப்பட்டது.

காரணங்கள் மூன்று. கட்டிட வேலை தொடங்கிய பின்னரே பெட்டி முறையைத் திட்டமிட்டு, கட்டி முடிந்த இடுக்குகளுக்குள் அதைத் திணித்தார்கள். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே விமானக் கம்பனிகள் தேவைகளை மாற்றிக்கொண்டிருந்தன. இயந்திரம் நின்றால் என்ன செய்வது என்ற மாற்று வழி முதலில் இருக்கவில்லை.

டென்வர் எங்கே, எமது கிராமம் எங்கே என்று சிலர் கேட்கலாம். ஆனால் இந்த மூன்று தவறுகளும் சிறு அளவில் எங்கும் நடக்கக்கூடியவை. முதலில் கொட்டகையைக் கட்டிவிட்டு, லொறி திரும்ப இடமில்லை என்று பிறகு கண்டுகொள்கிறோம். பயன்படுத்தப் போகிறவரைக் கேளாமல் கணினித் திட்டத்தைச் செய்விக்கிறோம். மின்சாரம் நின்றால் சிட்டை எழுதப் புத்தகம்கூட வைத்திருப்பதில்லை. 2022 மார்ச்சில் எமது நாட்டில் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்ததை எளிதில் மறக்க முடியாது. 2021இல் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் கணினித் தரவுகளில் பெரும்பகுதி அழிந்துபோன விடயம் நாடெங்கும் பேசப்பட்டது. கணினியில் இருப்பதற்கு வேறிடத்தில் ஒரு பிரதி இல்லாவிட்டால், கணக்கு இல்லாததற்கும் அதற்கும் வேறுபாடில்லை.

ஆட்களை மறக்கலாகாது

களஞ்சியத் திட்டங்களில் இறாக்கைக்கு அளவு எடுப்பார்கள். லொறிக்கும் அளவு எடுப்பார்கள். அங்கே வேலை செய்யும் மனிதரை அளவெடுக்க மறந்துவிடுவார்கள். 50 கிலோ மூடையைத் தோளில் சுமக்கும் நாட்டாமையின் முதுகும் முழங்காலும் நாற்பது வயதிலேயே தேய்ந்துபோவதை நாம் காண்கிறோம். இந்தச் சுமையைக் கைத்தள்ளுவண்டியோ சிறு பாரந்தூக்கியோ இறக்கி வைக்குமானால் அதை நாம் இரு கைநீட்டி வரவேற்க வேண்டும்.

ஆனால் இயந்திரம் மனிதரின் சுமையைக் குறைக்கிறதா, அல்லது மனிதரைத் தன் வேகத்துக்கு இழுக்கிறதா என்று கேட்பதும் கடமை. லண்டனிலும் ரொறன்ரோவிலும் பெரும் களஞ்சியங்களில் வேலை செய்யும் எம்மவரைக் கேட்டால், கையிலிருக்கும் கருவி ஒவ்வொரு பொருளுக்கும் நேரம் குறித்துத் துரத்துவதைச் சொல்வார்கள். அமேசன் களஞ்சியங்களில் வேக நிர்ப்பந்தத்துக்கும் தொழிலாளர் அடையும் காயங்களுக்கும் தொடர்பு உண்டென அமெரிக்க செனற் சபைக் குழுவொன்றின் அறிக்கை 2024 டிசம்பரில் கூறியது. அந்நிறுவனம் அதை மறுத்தது. நடை குறைந்தது உண்மை; ஓரிடத்தில் நின்று ஒரே அசைவை நாள்முழுதும் செய்வதால் வரும் நோவு புதிது.

தீயும் ஒரு விடயம். இங்கிலாந்தில் ஒக்காடோ நிறுவனத்தின் ஆண்டோவர் களஞ்சியம் 2019 பெப்ரவரியில் எரிந்து அழிந்தது. ரோபோ ஒன்றின் மின்கலத்துக்கு மின்னேற்றும் பகுதியில் தீ தொடங்கியிருந்தது. 2021 யூலையில் அதே நிறுவனத்தின் எரித் களஞ்சியத்தில் மூன்று ரோபோக்கள் மோதியதால் தீ மூண்டது. பொருளையும் இயந்திரத்தையும் நெருக்கி அடுக்கும்போது ஆபத்தும் நெருங்குகிறது. எமது களஞ்சியங்களிலோ மண்ணெண்ணெய்ப் பீப்பாவும் சாக்கும் அருகருகே இருப்பதைப் பார்க்கிறோம். இதை மாற்றுவதற்கு ரோபோவும் வேண்டாம், பணமும் வேண்டாம்.

இயந்திரம் வேண்டிய இடமும் உண்டு

இதுவரை கூறியதைக் கொண்டு, எமக்கு இயந்திரமே தேவையில்லை என்று யாரும் கொள்ள வேண்டாம். பதிவேடு எவ்வளவு திருத்தமாக இருந்தாலும் அது வெப்பத்தைக் குறைக்காது. தடுப்பூசி மருந்துக்குக் குளிர் வேண்டும். மீனுக்கு ஐஸ் வேண்டும். உருளைக்கிழங்கைப் பல மாதம் வைத்திருக்கக் குளிர்க் களஞ்சியம் வேண்டும். இலங்கையில் மரக்கறி, பழவகைகளில் அறுவடைக்குப் பிந்திய இழப்பு நூற்றுக்கு 30 முதல் 40 வரை என மதிப்பிடப்படுகிறது. சுன்னாகத்திலும் மருதனார்மடத்திலும் அறுவடைக் காலத்தில் விலை சரிவதும், சில மாதத்தில் அதே பொருள் வெளியூரிலிருந்து கூடிய விலைக்கு வருவதும் எமக்குப் புதினமல்ல.

2025 ஏப்ரலில் தம்புள்ளையில் 5,000 மெற்றிக் தொன் கொள்ளளவுள்ள, வெப்பநிலை கட்டுப்படுத்தப்பட்ட விவசாயக் களஞ்சியம் இந்திய உதவியுடன் திறந்துவைக்கப்பட்டது. இத்தகைய வசதி வடக்கிலும் வேண்டும் என்று கேட்பது நியாயம். ஆனால் அவ்வாறு கேட்கும்போது கையில் கணக்கோடு கேட்க வேண்டும். எந்த மாதத்தில், எந்தப் பொருள், எத்தனை தொன், எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும்? குளிரூட்டும் செலவுக்குப் பின் கமக்காரருக்குக் கிலோவுக்கு எவ்வளவு மிஞ்சும்? மின்சாரம் நின்றால் மின்பிறப்பாக்கி எத்தனை மணித்தியாலம் தாங்கும்? இந்தக் கேள்விகளுக்கு விடையின்றிக் கட்டப்படும் குளிர்க் களஞ்சியம் வெறுங் கட்டிடமாகவே முடியும்.

எங்கே தொடங்கலாம்?

கொழும்புத்துறை, பாசையூர், குருநகர் போன்ற கரையோரக் கிராமங்களில் வலையும் இயந்திர உதிரிப்பாகமும் வைத்திருக்கும் கடற்றொழிலாளர் சங்கமானாலும் சரி, வலிகாமத்தில் பசளையும் விதையும் வைத்திருக்கும் கமக்கார அமைப்பானாலும் சரி, பின்வரும் ஒழுங்கில் தொடங்கலாம்.

1. எண்ணுங்கள். ஒரு நாள் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் எண்ணுங்கள். பதிவேட்டில் இருப்பதையும் தரையில் இருப்பதையும் ஒப்பிடுங்கள். பின்னர் முழுவதையும் வருடத்துக்கு ஒருமுறை எண்ணுவதை விட, நாளுக்குச் சில வகைகளாக எண்ணிக்கொண்டே வாருங்கள். பிழை எங்கே நுழைகிறது என்பது அப்போதுதான் அகப்படும்.

2. வேண்டாததை அகற்றுங்கள். பழுதானது, காலாவதியானது, ஒருவரும் கேளாதது ஆகியவற்றை முறைப்படி பதிந்து வெளியேற்றுங்கள். பல இடங்களில் புதிய கட்டிடம் தேவையில்லை. பழைய கட்டிடத்தில் இடம் வெளித்தாலே போதும்.

3. பொருளை வகைப்படுத்துங்கள். எந்தக் களஞ்சியத்திலும் நூற்றுக்கு ஏறக்குறைய 20 வகைப் பொருள்களே நூற்றுக்கு 80 வரையான கொடுக்கல்களுக்குக் காரணமாயிருப்பதைக் காணலாம். அந்த 20 வகையையும் வாசலுக்கு அருகிலும் இடுப்பு உயரத்திலும் வையுங்கள். எப்போதாவது கேட்கப்படுவது உள்ளேயும் மேலேயும் போகட்டும். பாரமானது கீழே இருக்கட்டும். நாளாந்த நடையில் பெரும்பகுதி இதனாலேயே குறைந்துவிடும்.

4. இடத்துக்கு முகவரி கொடுங்கள். வீட்டுக்கு இலக்கம் இருப்பதுபோல ஒவ்வொரு இறாக்கைக்கும் அதன் தட்டுக்கும் இலக்கமிடுங்கள். களஞ்சியப் பொறுப்பாளர் சுகயீனமாக வீட்டில் இருந்தாலும், புதிதாக வந்த பிள்ளை பதிவேட்டைப் பார்த்துப் பொருளை எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஒருவருடைய ஞாபகத்தில் மட்டும் இருக்கும் களஞ்சியம் அவரோடு போய்விடும்.

5. வரிசையைக் காப்பாற்றுங்கள். முந்தி வந்தது முந்திப் போக வேண்டும். மருந்து, கிருமிநாசினி, விதை போன்றவற்றில் முந்திக் காலாவதியாவது முந்திப் போக வேண்டும். புதிய மூடைகளைப் பழையவற்றின் முன்னால் அடுக்கும் பழக்கத்தை ஒழித்தாலே இழப்பில் ஒரு பங்கு குறையும்.

6. கட்டளை கொடுக்கும் அளவைத் தீர்மானியுங்கள். ஓர் உதாரணம் பார்ப்போம். நாளொன்றுக்கு 4 மூடை அரிசி போகிறது. கட்டளை கொடுத்து லொறி வந்து சேர 5 நாள் ஆகிறது. பாதையில் தாமதம் வந்தாலும் சமாளிக்க இன்னும் 3 நாள் வேண்டும். மொத்தம் 8 நாளுக்கு 32 மூடை. இருப்பு 32 மூடைக்கு இறங்கும் அன்றே கட்டளை போக வேண்டும். அந்த எண்ணைப் பொருளின் அட்டையில் சிவப்பு மையால் எழுதி வையுங்கள். கணினி செய்வதும் இதே கழித்தலும் பெருக்கலும்தான்.

7. அதன் பின் கணினி. முதல் ஆறும் ஒரு வருடம் ஒழுங்காக நடந்தால், ஒரு சாதாரணக் கணினியும் சிறியதொரு பார்கோட் வாசிப்பானும் பெரும் பயன் தரும். பல கிளைகளின் இருப்பை ஒரே இடத்தில் பார்க்கலாம். ஒரு கிளையில் மிகுதியானதை மற்றதற்கு அனுப்பலாம். பிரதி ஒன்று வேறிடத்தில் இருக்கட்டும். மின்சாரம் நிற்கும் நாளுக்குச் சிட்டைப் புத்தகமும் இருக்கட்டும். இதையும் தாண்டிப் பட்டியோ பாரந்தூக்கியோ வேண்டுமா என்பதை அந்த ஒரு வருடக் கணக்கே சொல்லும்.

இந்த ஏழையும் செய்யும்போது களஞ்சியத்தில் வேலை செய்பவரையும் பொருளைப் பெற வருபவரையும் பக்கத்தில் இருத்திக் கேட்டுச் செய்ய வேண்டும். எந்த மூலையில் மழைநீர் ஒழுகுகிறது, எந்த மூடையை எலி கடிக்கிறது, எந்தக் கிழமையில் சனம் கூடுகிறது என்பதெல்லாம் நிர்வாக சபைக்குத் தெரியாவிட்டாலும் நாட்டாமைக்குத் தெரியும்.

இன்னொன்றையும் மனங்கொள்ளல் நன்று. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் எமது மருத்துவமனைகளில் மருந்துகள் இல்லாமற் போயின. அதற்கு முக்கிய காரணம் அந்நியச் செலாவணி இல்லாமை. எந்த நல்ல களஞ்சியமும் அதைத் தனித்துத் தீர்த்திருக்க முடியாது. ஆனால் பொருள் குறைவாக இருக்கும் காலத்திலேதான் ஒழுங்கான களஞ்சியத்தின் அருமை தெரிகிறது. பத்து மருத்துவமனைக்கு ஆறு பெட்டி மருந்தே இருக்கும்போது, எந்த மருத்துவமனையில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று உடனே சொல்லக்கூடியவரால் ஓர் உயிரைக் காப்பாற்ற முடியும். இல்லாவிட்டால் ஆறு பெட்டியில் ஒன்று எங்கோ ஓர் இறாக்கையின் பின்னால் காலாவதியாகிக் கிடக்கும்.

ஆகவே, உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் “கணினி வாங்குவோம்” என்ற பிரேரணை வந்தால் அதை எதிர்க்க வேண்டாம். அதற்கு முன்பாக வேறொரு பிரேரணையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வருகிற சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, நிர்வாக சபையினரும் ஊழியரும் ஒன்றாகக் களஞ்சியத்தைத் திறந்து, இருப்பதை எண்ணி எழுதுவது என்பதே அந்தப் பிரேரணை.